ஆய்வு நெறியாளர்

முனைவர் பட்ட மாணவரின் ஆய்வை வழிநடத்தும் பல்கலைக்கழக ஆசிரியர் ஆய்வு நெறியாளர் எனப்படுகிறார். மாணவர் வழக்கில் ‘கைடு’. இப்பொறுப்பின் இன்றைய வடிவம் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் உருவானது. 1810இல் தொடங்கிய பெர்லின் பல்கலைக்கழகம் கற்பித்தலும் ஆராய்ச்சியும் ஒருங்கே நடக்க வேண்டும் என்ற கொள்கையில் எழுந்தது. 1824இல், 21 வயதில், கீசென் பல்கலைக்கழகத்தில் பணியேற்ற வேதியியலாளர் லீபிக், மாணவர்களைத் தம் ஆய்வகத்திலேயே பழக்கினார். ஆளுக்கொரு ஆய்வைக் கொடுத்து, முந்தைய நாள் செய்ததைக் காலைதோறும் கேட்டறிவார். அமெரிக்காவில் 1876இல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் இந்த ஜெர்மானிய முறையைப் பின்பற்றியது. ஆக்ஸ்போர்டு முனைவர் பட்டத்தை ஏற்றதோ 1917இல்தான்.

இந்தியாவில் 1857இல் நிறுவப்பட்ட கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்புகளாகவே இருந்தன. பேராசிரியர்களை நியமித்துக் கற்பிக்க 1904ஆம் ஆண்டுச் சட்டம்தான் வழிவிட்டது. ஆய்வை வழிநடத்தும் ஆசிரியர்கள் அரிதாக இருந்த இந்தக் குறையின் விளைவைக் கணித மேதை ராமானுஜன் வாழ்வில் தெளிவாகக் காணலாம். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை அளித்தது. பணம் கிடைத்தது; அவருடைய கணிதத்துக்கு ஈடுகொடுக்கும் நெறியாளர் கிடைக்கவில்லை. அந்த இடத்தைக் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டி நிரப்பினார், முதலில் கடிதங்கள் வழியாக, 1914 முதல் நேரில். முறையான நிறுவல்களைக் கற்பிக்க வேண்டும், அதனால் மாணவரின் தன்னம்பிக்கையும் குலையக் கூடாது என்பதில் ஹார்டி காட்டிய கவனம், நெறியாளர் பணிக்குச் சிறந்த சான்று. 1916இல் ராமானுஜன் ஆய்வின் வழியே கேம்பிரிட்ஜ் பட்டம் பெற்றார். கல்கத்தாவில் இயற்பியலாளர் சி. வி. ராமன் ஓர் ஆய்வுக் குழுவையே வளர்த்தார். 1928இல் ராமன் விளைவை அறிவித்த கட்டுரையில், அக்குழுவைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணனும் இணையாசிரியர்.

விடுதலைக்குப் பின் பல்கலைக்கழகங்கள் பெருகின; முனைவர் பட்டம் ஆசிரியப் பணிக்கான தகுதிகளுள் ஒன்றாயிற்று. பட்டம் ஒரே ஆசிரியரின் கையெழுத்தைச் சார்ந்திருந்ததால், அவர் அக்கறையற்றவராயின் மாணவருக்குப் போக்கிடமில்லை. எனவே விதிகள் தேவைப்பட்டன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் 8, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 மாணவர்களை மட்டுமே ஏற்கலாம். ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் மாணவர் பருவந்தோறும் தம் முன்னேற்றத்தை விளக்க வேண்டும். ஓய்வு பெற மூன்றாண்டுகளுக்கும் குறைவாக உள்ள ஆசிரியர் புதிய மாணவர்களை ஏற்க முடியாது.