தச்சரின் பெட்டி

சிறு படகில் கடலோடுவோர் உடன்கொள்ள வேண்டிய பழுதுநீக்கும் கருவிகள் இன்னின்னவை என்று கூறும் கையேடுகள் இன்று பல உள்ளன. நிதானமாகக் கரையில் அமர்ந்து போடப்பட்ட பட்டியல்கள் அவை. துப்பாக்கி முனையில், சில மணி நேரத்துக்குள், பகைவரோடு வாதாடிச் சேர்க்கப்பட்ட ஒரு கருவித் தொகுதியும் வரலாற்றில் உண்டு.

1789 ஏப்ரல் 28. டோங்கா தீவுகளுக்கு அருகே 'பவுண்டி' என்ற ஆங்கிலக் கப்பலில் கலகம் வெடித்தது. தலைவர் வில்லியம் பிளையும் அவரோடு 18 பேரும் 23 அடி நீளமுள்ள படகொன்றில் இறக்கப்பட்டனர். விளிம்புக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. ஹாலிவுட் இக்கலகத்தைத் திரும்பத் திரும்பப் படமாக்கியிருக்கிறது. ஆனால் அப்படகில் என்னென்ன ஏற்றப்பட்டன என்பதே என்னை ஈர்க்கும் கேள்வி.

நூல்கண்டு, கித்தான், கயிறு, பாய்கள், 28 காலன் நீர், 150 பவுண்டு ரொட்டி ஆகியவற்றைக் கலகக்காரர்கள் அனுமதித்தனர். திசைகாட்டியும் கிடைத்தது, கடல் வரைபடங்கள் மறுக்கப்பட்டன. கப்பல் தச்சர் வில்லியம் பர்செல் தம் கருவிப் பெட்டியைத் தூக்கியபோதுதான் சச்சரவு மூண்டது. அதைக் கொடுத்தால் பிளை ஒரே மாதத்தில் புதிய கப்பல் கட்டிவிடுவார் என்று ஒருவன் கொதித்தான். உளியும் வாய்ச்சியும் என்ன செய்யவல்லவை என்பதை உடலுழைப்பால் அறிந்தவனின் அச்சம் அது. ஆயினும் பெட்டி படகில் இறங்கிற்று.

அடுத்து நடந்ததை யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. டோஃபுவா தீவில் ஒருவரைப் பறிகொடுத்துவிட்டுத் தப்பியவர்களைப் புயல் தாக்கியது. பைகளிலிருந்த ரொட்டி நனையத் தொடங்கியது. உடனே பெட்டியிலிருந்த கருவிகளைப் படகின் அடித்தளத்தில் கொட்டிவிட்டு, ரொட்டியை உள்ளே வைத்துப் பூட்டினார்கள். வாதாடிப் பெற்ற பெட்டி அரிசிப் பானையாயிற்று என்று நம் வழக்கில் சொல்லலாம். கருவியைக் காட்டிலும் அதன் பெட்டி பெரும்பயன் அளித்தது.

கருவிகள் வீணாயின என்பதன்று. பின்புற இருக்கைப் பலகைகளைக் கழற்றி ஓரங்களில் அறைந்து, அங்கே படகின் உயரத்தை ஒன்பது அங்குலம் கூட்டினர். சுற்றிலும் கித்தான் தடுப்புக் கட்டினர். அலை உட்புகுவது குறைந்தது. உள்ளதைப் பிரித்து இல்லாததை ஆக்குவதுதான் கடலில் பழுதுநீக்கல் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மே 29 காலையில், ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையோரத் தீவொன்றில் தங்கியிருந்தபோது, சுக்கானைப் படகோடு பிணைக்கும் இரும்பு வளையங்களுள் ஒன்று இரவில் கழன்று தொலைந்துபோனது தெரியவந்தது. பிளை இத்தகைய விபத்தை முன்பே அஞ்சியவர். சுக்கான் போனால் துடுப்புகளால் திசைதிருப்ப இருபுறமும் கயிற்று வளையங்கள் பொருத்தி வைத்திருந்தார். ஆயினும் நடுக்கடலில் அது நேர்ந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டோம் என்ற கருத்தையே அவர் 1790இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்கிறார். அவர்களைக் காத்தது படகில் தற்செயலாகக் கிடந்த, இரு கால்களும் கூராக வளைந்த ஒரு பெரிய இரும்பு ஆணி. அதை வளையத்துக்கு மாற்றாகப் பொருத்தினர். அத்தீவுக்குப் பிளை சூட்டிய பெயர் மீட்சித் தீவு.

இந்தப் பெட்டிக்கு உரியவர் பிளைக்கு உவப்பானவர் அல்லர். சில நாட்களில் மற்றொரு தீவில் பர்செல் எதிர்த்துப் பேச, பிளை ஒரு வாளைக் கையிலெடுத்து, அவரையும் ஒரு வாளை எடுத்துத் தற்காத்துக்கொள்ளுமாறு கூறினார். கையிருப்பு ரொட்டியைப் பங்கிட்டுண்ணும் 18 பேர் நடுவே இது நடந்தது! அந்நூலில் பிளை அவர் பெயரைச் சொல்லவில்லை. நாட்குறிப்பில்தான் பெயர் இருக்கிறது. தச்சர் இன்றிப் படகில்லை, தலைவர் இன்றித் திசையில்லை. இருவரும் அதை அறிந்தே ஒருவரையொருவர் பொறுத்திருக்க வேண்டும்.

ஜூன் 14 அன்று, 3,618 கடல் மைல் கடந்து, அந்தப் 18 பேரும் உயிரோடு திமோரின் குபாங் துறையை அடைந்தனர். படகு படேவியாவில் விற்கப்பட்டது. அதைப் பிரிய மனமின்றியே விற்றதாகப் பிளை எழுதுகிறார். பர்செலைப் பற்றி அத்தகைய நெகிழ்ச்சி இல்லை. 1790 அக்டோபரில் இராணுவ நீதிமன்றத்தில் பிளை தொடுத்த குற்றச்சாட்டுகளில் சில நிறுவப்பட்டு, தச்சர் கண்டிக்கப்பட்டார்.