அணையும் ஒளியும் விழித்த கண்களும்

மூணாற்றுக்கு அப்பால் டாப் ஸ்டேஷன் முகட்டில் நின்று கிழக்கே நோக்கினால், தேனிச் சமவெளியும் கொடைக்கானல் பக்கத்து மலைகளும் புலப்படும். அக்கொடைக்கானலில் 1899-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற வான ஆராய்ச்சி நிலையம் பகலில் கதிரவனை ஆராய்வது. இடுக்கி மலைகளிலும் பாலக்காட்டுச் சித்தூர்ப் பகுதியிலும் வாழும் தமிழன்பர் பலர் அதனை அறிவர். யாம் இன்று கூறப் புகுவதோ, இரவில் தோன்றிச் சின்னாட்களில் மங்கி மறையும் ஓர் ஒளியின் வரலாறு.

1963-ஆம் ஆண்டின் அணுகுண்டுச் சோதனைத் தடை உடன்படிக்கையை எவரேனும் மீறுகின்றனரா என்று கண்காணிக்க, அமெரிக்கா ‘வேலா’ என்னும் துணைக்கோள்களை ஏவிற்று. 1967 ஜூலை 2 அன்று அவை காமாக் கதிர் வெடிப்பொன்றைப் பதிவு செய்தன. அது மண்ணில் நிகழ்ந்ததன்று, விண்ணிலிருந்து வந்தது. இச்செய்தி 1973-இல்தான் உலகிற்கு வெளியாயிற்று.

அவ்வெடிப்பு எங்கே நிகழ்ந்தது? காமாக் கதிர்கள் சில வினாடிகளில் அல்லது நிமிடங்களில் ஓய்ந்துவிடும். வந்த திசையும் துல்லியமாய்ப் புலப்படாது. தொலைவு தெரியாவிடில் ஆற்றலும் தெரியாது. அருகில் மினுக்கும் மின்மினியோ, நெடுந்தொலைவில் எரியும் பெருந்தீயோ என்று 1995-இல் வாஷிங்டனில் அறிஞர் கூடி வாதிட்டும் முடிவு காணவில்லை.

முடிவு 1997-இல் வந்தது. பிப்ரவரி 28-ஆம் நாள் வெடிப்பொன்றின் திசையை ‘பெப்போசாக்ஸ்’ துணைக்கோள் குறித்துத் தந்தது. நெதர்லாந்து அறிஞர் யான் வான் பாராடைஸ் குழுவினர், லா பால்மாத் தீவில் அன்றிரவே எடுத்த படத்தையும் மார்ச் 8-இல் எடுத்த படத்தையும் ஒப்பிட்டனர். முன்னதில் இருந்த ஒளிப்புள்ளி பின்னதில் இல்லை! அதுவே முதன்முதல் கண்ட பின்னொளி. அவ்வாண்டு மே மாதத்து வெடிப்பின் பின்னொளியை ஹவாய்த் தீவில் பகுத்தாய்ந்தபோது, அது பல நூறு கோடி ஒளியாண்டுகட்கு அப்பாலிருந்து வந்ததென உறுதியாயிற்று.

தமிழகத்திற்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. ஜவ்வாது மலையில் காவலூர் என்னுமிடத்தை 1960-களில் வானோக்கிற்குத் தேர்ந்தவர் வைணு பாப்பு. அவர் 1982-இல் மறைந்தார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் அவர் பெயராலேயே திறக்கப்பெற்றது. 2000 மார்ச் 1 அன்று ஒரு வெடிப்பு நிகழ, மார்ச் 2 முதல் 4 வரை பார்கவி, கௌசிக் ஆகியோர் அதன் பின்னொளியைக் காவலூரில் அளந்தனர். லா பால்மாவில் பகலாயிருக்கையிலேயே காவலூரில் இரவு கவிந்துவிடும். ஓரிடத்துக் கண் மூடுகையில் வேறிடத்துக் கண் விழித்திருக்க வேண்டுமன்றோ?

பிறநாட்டு அளவுகளோடு இவற்றைச் சேர்த்துப் பார்க்கையில், அவ்வொளி முதலில் மெல்லவும் பின்னர் விரைந்தும் தணிந்தமை தெரிந்தது. இத்தகைய மாற்றம் ஆற்றல் எத்திசையும் சிதறாமல் குறுகிய தாரையாய்ப் பீறிட்டதென்பதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. எனின், வெடிப்பின் மொத்த ஆற்றலும் முன்பு கணக்கிட்டதினும் பன்மடங்கு குறைந்துவிடும். முதற்சில இரவுகளின் அளவு தவறியிருப்பின் அத்திருப்பத்தைத் தெளிவாய்க் காண்டல் அரிது.

அவ்வொளி புறப்பட்டது ஏறத்தாழ 1000 கோடி ஆண்டுகட்கு முன்னர். அன்று நம் பூமியே தோன்றவில்லை. அத்துணை நெடும்பயணம் செய்து வந்த விருந்தினைச் சின்னாட்களுக்குள் எதிர்கொண்டழைத்த பெருமை, ஜவ்வாது மலையில் உறங்காதிருந்தோர்க்கு உரியது.