மெல்லிய பனியில் சறுக்கலாமா?

டிசம்பர் விடுமுறையில் பனிச்சறுக்கப் போகிறீர்களா?

மலை முழுக்க வெள்ளையாகத் தெரியும். "பனிதானே... விழுந்தா அடிபடாது" என்று தோன்றும். ஆனால் பருவத் தொடக்கத்தில் அந்த வெள்ளைக்குக் கீழேயே கல் இருக்கலாம்.

ஏன் ஆபத்து?

புதிதாகப் பெய்த பனி பஞ்சு மாதிரி. அடியில் இறுகிய அடுக்கு இல்லையென்றால் உங்கள் எடையைத் தாங்காது. சறுக்குப் பலகை அமிழ்ந்து பாறையிலோ மரக்கட்டையிலோ மோதும். பலகை சட்டென நிற்கும், நீங்கள் தூக்கியெறியப்படுவீர்கள்.

2013 டிசம்பர் 29ஆம் தேதி பிரான்ஸின் மெரிபெல் மலையில், ஃபார்முலா ஒன் கார்ப் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் குறியிட்ட பாதையை விட்டுச் சில மீட்டர் விலகிச் சறுக்கினார். பாறையில் மோதி விழுந்தார். தலைக்கவசம் அணிந்திருந்தும் தலையில் கடுமையான காயம்.

என்ன செய்யலாம்?

• கிளம்புமுன் பனியின் ஆழத்தைப் பாருங்கள். புதுப்பனியைவிட அடிப்பனி எவ்வளவு என்பதே முக்கியம்.

• குறியிட்ட பாதையிலேயே சறுக்குங்கள். அங்குதான் இயந்திரங்கள் பனியைச் சமன்செய்யும். தேவைப்பட்டால் செயற்கைப் பனியும் தூவப்படும்.

• புல், புதர் எட்டிப்பார்க்கிறதா? அங்கே பனி மெலிது. ஒதுங்கிப் போங்கள்.

• வேகத்தைக் குறையுங்கள். தலைக்கவசம் கண்டிப்பாக வேண்டும்.

• பாதைக்கு வெளியே விபத்து நேர்ந்தால் பயணக் காப்புறுதியில் இழப்பீடு கிடைக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

கயிறு கட்டிப் பாதையை மூடியிருக்கிறார்களா? "காசு கட்டியாச்சே" என்று தாண்டிப் போகாதீர்கள்.