‘ஏலம்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது?

மஞ்சள், பருத்தி, கொப்பரை என எதை விற்கப் போனாலும் விவசாயியின் காதில் விழும் சொல் ‘ஏலம்’. இது தமிழில் பிறந்த சொல் அல்ல. போர்ச்சுக்கீசிய மொழியின் ‘லெய்லாவ்’ என்பதே, அவர்கள் நம் கடற்கரைகளில் வணிகம் செய்த காலத்தில் இங்கு வந்து ‘ஏலம்’ ஆனது. மலையாளத்தில் இன்றும் ‘லேலம்’தான், இந்தியில் ‘நீலாம்’. போர்ச்சுக்கீசியர்களுக்கு இந்தச் சொல் அரபியிலிருந்து கிடைத்தது. அங்கே இதன் வேர்ப்பொருள், ‘எல்லோருக்கும் அறிவித்தல்’.

(ஏலக்காயைக் குறிக்கும் ‘ஏலம்’ வேறு சொல். போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

அறிவித்தல் என்ற பொருள் தமிழ் வழக்கிலும் தங்கியிருக்கிறது. ஏலம் ‘கூறுகிறோம்’, ஏலம் ‘கேட்கிறோம்’. ‘ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்’ என்று கூவித்தான் முடிக்கிறோம்.

ஆனால், ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் பெரும்பாலும் நடப்பது ‘மறைமுக ஏலம்’. சொல்லின் வேருக்கு நேர் எதிரான பெயர்! வியாபாரிகள் ஒவ்வொரு குவியலையும் பார்த்து, தாங்கள் தரும் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். பிறகு சீட்டுகளைப் பிரித்து, அதிக விலை எழுதியவரை அறிவிப்பார்கள். வெளிப்படையாகக் கூவும் ஏலத்தில் வியாபாரிகள் கண்ஜாடையிலேயே விலையை நிறுத்திவிட முடியும். அடுத்தவர் என்ன எழுதினார் என்று தெரியாதபோது அது கடினம். அதற்காக மறைமுக ஏலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் முடியாது. வருவதே நான்கு வியாபாரிகள் என்றால், முன்கூட்டியே டீக்கடையில் பேசி முடித்துவிடலாம். எத்தனை பேர் விலை எழுதுகிறார்கள் என்பதுதான் முக்கியம். 2016 ஏப்ரலில் மத்திய அரசு தொடங்கிய இ-நாம் மின்னணுச் சந்தையின் நோக்கமும் வெளியூர் வியாபாரிகளையும் விலை கேட்க வைப்பதே.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அறிவிக்கப்பட்ட விலை கட்டவில்லை என்றால், விற்க மறுக்கும் உரிமை விவசாயிக்கு இருக்கிறது. சரக்கை விற்பனைக் கூடக் கிடங்கிலேயே இருப்பு வைத்து, அதன்பேரில் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். இங்கு விவசாயியிடம் கமிஷன் பிடிப்பதில்லை. சந்தைக் கட்டணத்தை வாங்கும் வியாபாரிதான் செலுத்த வேண்டும். தனியார் மண்டியில் நிலைமை வேறு. கமிஷன், எடைக்கூலி எவ்வளவு என்பதை மூட்டையை இறக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.