மரத்தடியிலிருந்து பிட்ச்சுக்கு
மைதானம் என்றால் புல்லும் பிட்ச்சும் மட்டுமல்ல; கோட்டுக்கு வெளியே யார் எங்கே உட்காரலாம் என்பதும் சேர்ந்ததுதான். 1846-ல் ஆங்கிலேயர்கள் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பில் இந்தியர்கள் உறுப்பினராக முடியாது. சேப்பாக்கத்தில் ஆட வந்த இந்தியர்களுக்குப் பெவிலியன் கிடையாது. உடை மாற்றுவதும் சாப்பிடுவதும் மரத்தடியில்தான்.

மயிலாப்பூர் லஸ்ஸில் வாழ்ந்த புச்சி பாபு நாயுடு இதைப் பொறுக்கவில்லை. 1888-ல் எஸ்பிளனேடில் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். இளைஞர்களுக்கு மட்டை, பந்து, உடை எல்லாம் கொடுத்துப் பழக்கினார். ஆங்கிலேயர்களோடு சமமாக ஓர் ஆட்டம் நடக்க வேண்டும் என்பது அவர் ஆசை. 1908 டிசம்பரில் ஏற்பாடும் ஆனது. ஆனால் அதற்குச் சற்று முன்பே அவர் இறந்துவிட்டார்.

1915-ல் ஐரோப்பியர், இந்தியர் என இரு அணிகள் மோதும் பிரசிடென்சி போட்டி சேப்பாக்கத்தில் தொடங்கியது. பொங்கலையொட்டி நடந்து வந்த அந்தப் போட்டி 1952 வரை நீடித்தது. மரத்தடிக்கு அனுப்பப்பட்டவர்கள் அதே மைதானத்தில் எதிரணியாக இறங்கினார்கள்!