ஈரத்தில் 312 நாட்கள்

கடற்பயண நூல்களை நாம் பெரும்பாலும் புயலைத் தேடியே வாசிக்கிறோம். 1968ஆம் ஆண்டின் கோல்டன் குளோப் போட்டி குறித்த நூல்களையும் முதலில் அவ்வாறே வாசித்தோம். மறுவாசிப்பில்தான் இரண்டு புயல்களுக்கு இடைப்பட்ட ஈர நாட்கள் கண்ணில் பட்டன.

எங்கும் கரையேறாமல், எவர் உதவியும் பெறாமல், தன்னந்தனியே பாய்மரப் படகில் உலகைச் சுற்றிவர வேண்டும் என்பது லண்டனின் சண்டே டைம்ஸ் இதழ் அறிவித்த போட்டி. புறப்பட்டோர் 9 பேர். முடித்தவர் ஒருவரே: ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், வயது 29, பிரிட்டிஷ் வணிகக் கப்பல் அதிகாரி. அவருடைய 'சுஹைலி' 32 அடி நீளப் படகு. மும்பையில் தேக்குமரத்தால் கட்டப்பட்டது. பெயர், அரபு மாலுமிகள் ஒரு காற்றுக்கு இட்டதாம். சுஹைல் என அரபியர் அழைக்கும் விண்மீனை நாம் அகத்தியன் என்கிறோம். தென்திசைக்குரிய அவ்விண்மீனின் பெயரோடு அப்படகு தென்கடலுக்கே சென்றது.

1968 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டார். அட்லாண்டிக்கிலேயே அடிப்பலகை இடுக்கில் நீர் கசிந்தது. நீருக்குள் மூழ்கி மூழ்கி அவ்விடுக்கை அடைத்து (நம் கடற்கரைத் தச்சர் இதைக் கலப்பற்று என்பர்), மேலே செப்புத் தகடு அறைந்தார். செப்டம்பரில் நன்னம்பிக்கை முனையைத் தாண்டியதும் ஓர் அலை படகைப் பக்கவாட்டில் சாய்த்தது. அறையின் மேற்கட்டு அசைந்து கொடுத்தது. அதன்பின் படுக்கை, புத்தகம், கம்பளி என எதுவும் ஈரத்துக்குத் தப்பவில்லை.

கடல்நீரில் நனைந்த கம்பளி எளிதில் காய்வதில்லை. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நன்னீரில் அலசினால்தான் உப்பு போகும். ஆனால் தொட்டியில் இருந்த குடிநீரோ கெட்டுப் போயிருந்தது. பாயில் வழிந்த மழையைப் பிடித்துத்தான் குடித்தார். சுற்றிலும் நீர், படுக்கையிலும் நீர், குடிக்க மட்டும் வானத்தைப் பார்க்க வேண்டும்! எந்நேரமும் பாயைச் சுருக்க எழ வேண்டியிருந்ததால், உடையைக் கழற்றாமல் கித்தானைச் சுற்றிக்கொண்டு உறங்கிய இரவுகளும் உண்டு. ஹார்ன் முனையை அவர் கடந்தது 1969 ஜனவரி 17 அன்று. வானொலியும் செயலிழந்திருந்ததால் மாதக்கணக்கில் அவர் இருக்கிறாரா என்றே கரையிலுள்ளோர் அறியவில்லை.

இப்போட்டியைப் பற்றி எழுதுவோர் பலரும் இவரை விரைவில் கடந்துவிடுகின்றனர். பொய்யான இருப்பிடங்களை அறிவித்து இறுதியில் மறைந்துபோன டொனால்ட் குரோஹர்ஸ்ட் இருக்கிறார். பரிசைத் துறந்து மீண்டும் தென்கடலில் புகுந்து தஹீதி தீவுக்குப் போன பெர்னார் மொய்த்தெசியே இருக்கிறார். துன்பியல் நாயகனும் துறவியும் கிடைத்தபின் ஈரக் காலுறையை மறுபடி மறுபடி மாட்டிக்கொண்டவனை யார் தேடுவர்? வகுப்பறையில் இக்கதையைச் சொன்ன நாட்களில் நாமும் அவ்விருவரிடமே நின்றுவிட்டோம். அது பிழை என்றே இன்று எண்ணுகிறோம். அலைந்தவனைப் பாடுவது எளிது. பொறுத்தவனைப் பாடச் சம்பவம் கிடைப்பதில்லை.

தமக்குக் கிடைத்த 5,000 பவுண்டுப் பரிசை அவர் குரோஹர்ஸ்ட் குடும்பத்துக்கே அளித்தார்.

1969 ஏப்ரல் 22 அன்று சுஹைலி ஃபால்மத் திரும்பியது. சுங்க அதிகாரிகள் படகில் ஏறி, எந்தத் துறைமுகத்திலிருந்து வருகிறீர் என வழக்கமான கேள்வியைக் கேட்டனர். ஃபால்மத் என்றார் அவர்.