பெரம்பலூர், அரியலூர் கல்லூரிகளில் ஆசிரியர் பணியும் நிர்வாகமும்

அரியலூர் அரசு கலைக் கல்லூரி 1965-இல் தொடங்கப்பட்டபோது அந்த ஊர் திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. பாடத்திட்டம், தேர்வு, பட்டம் மூன்றும் சென்னையில் முடிவாயின. ஆசிரியர் நியமனமும் இடமாறுதலும் அரசின் கையில் இருந்தன. அதற்கான அலுவலகமும் சென்னையில்தான் இருந்தது. வகுப்பு நடந்தது ஓர் ஊரில், முடிவு எடுக்கப்பட்டது இன்னோர் ஊரில். இந்த வட்டாரத்துக் கல்லூரி ஆசிரியர்களின் வரலாறு பெரும்பாலும் இந்தத் தொலைவின் வரலாறுதான்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் 1923-ஆம் ஆண்டுச் சட்டம் செனட், சிண்டிகேட், கல்விக் குழு என்ற அமைப்புகளை நிறுவியது. செனட் பலதரப்பாரும் கூடும் பேரவை. சிண்டிகேட் அன்றாட நிர்வாகத்தை நடத்தும் ஆட்சிக்குழு. பாடம் சார்ந்தவற்றைக் கல்விக் குழு பார்த்துக்கொண்டது. கல்லூரி ஆசிரியர்களின் பிரதிநிதிகளுக்கும் இவற்றில் இடம் உண்டு. ஆனால் சிறு ஊர்க் கல்லூரி ஒன்றின் ஆசிரியருக்குச் சென்னை செனட் எட்டாத உயரத்தில் இருந்தது.

1982-இல் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு பாரதிதாசன் பல்கலைக்கழகம் உருவானதும் அந்தத் தொலைவு குறைந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் திருச்சியில் நடத்திவந்த முதுகலை மையமே அதன் வித்து. அதன் வளாகம் புதுக்கோட்டைச் சாலையில் பல்கலைப்பேரூரில் அமைந்தது. அரியலூரிலிருந்தோ பெரம்பலூரிலிருந்தோ காலையில் பஸ் ஏறும் ஆசிரியர், பல்கலைக்கழகக் கூட்டத்தில் பேசிவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். ஆளுநர் வேந்தர், கல்வி அமைச்சர் இணைவேந்தர், துணைவேந்தர் நிர்வாகத் தலைவர் என்பது இதன் அமைப்பு. சிண்டிகேட்டில் அரசுச் செயலாளர்கள் பதவி வழியில் அமர்வர். ஆசிரியர் பிரதிநிதிகளும் அதே மேசையைச் சுற்றி இருப்பர். துணைவேந்தரைத் தேடும் குழுவுக்கு ஒருவரை அனுப்பும் உரிமை செனட்டுக்கு இருந்ததால், தொலைவில் உள்ள கல்லூரி ஆசிரியரின் வாக்குக்கும் மதிப்பு இருந்தது.

பணிப் பாதுகாப்பு இன்னொரு வழியில் வந்தது. தனியார் நிர்வாகக் கல்லூரிகளில் காரணம் சொல்லாமல் வேலையிலிருந்து நீக்கும் வழக்கத்தை எதிர்த்துப் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கமும், தென்மாவட்டங்களில் மூட்டா என்ற ஆசிரியர் அமைப்பும் போராடின. 1976-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம், விசாரணை நடத்தாமல் யாரையும் நீக்க முடியாது என்று வரையறுத்தது. அரசு கல்லூரி ஆசிரியர்களின் நிலை வேறு. அவர்கள் அரசு ஊழியர்கள் என்பதால் வேலை உறுதியாக இருந்தது. அதே காரணத்தால் 1973-ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் அவர்களைக் கட்டுப்படுத்தின. வேலைநிறுத்தத்தை அந்த விதிகள் தடை செய்தன.

2003-ஆம் ஆண்டு இந்த உறுதியையும் அசைத்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்றாகி, பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தது. ஜூலையில் நடந்த அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தத்தை அடுத்துச் சுமார் 1,70,000 பேரை அரசு பணிநீக்கம் செய்தது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. பெரும்பாலோர் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டனர். வேலை திரும்பக் கிடைத்தது, அச்சம் போகவில்லை.

இதற்கிடையே நிர்வாக எல்லைகளும் மாறிக்கொண்டிருந்தன. 1995-இல் பெரம்பலூர் மாவட்டம் பிறந்தது. 2001-இல் அதிலிருந்து பிரிந்த அரியலூர், 2002-இல் மீண்டும் அதனுடன் சேர்க்கப்பட்டு, 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் தனி மாவட்டமானது. மாவட்டம் கிடைத்ததும் கல்லூரி வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. புதிய அரசு கல்லூரிகளைத் திறப்பதற்குப் பதிலாக, பல்கலைக்கழகங்களே தம் பொறுப்பில் உறுப்புக் கல்லூரிகளை நடத்தும் முறை பரவியது. பெரம்பலூரை ஒட்டிய குரும்பலூரிலும் பின்னர் வேப்பந்தட்டையிலும் பாரதிதாசன் பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகள் அமைந்தன. அரியலூரில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி வந்தது. அந்தப் பல்கலைக்கழகம் 2007-இல் பிரிக்கப்பட்டு 2012-இல் மீண்டும் ஒன்றாக்கப்பட்டதால், அக்கல்லூரி ஆசிரியர்களின் நியமன ஆணையில் இருந்த நிறுவனத்தின் பெயரும் மாறியது.

உறுப்புக் கல்லூரிகளால் நன்மை விளைந்தது. வெளியூர் விடுதிக்குப் பணம் கட்ட இயலாத வீடுகளின் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், பக்கத்து ஊருக்குப் பஸ்ஸில் போய்ப் பட்டம் பெற்றனர். ஆனால் அங்கே பாடம் நடத்தியவர்களில் மிகப் பலர் தொகுப்பூதியத்தில் அல்லது மணிக்கணக்கில் அமர்த்தப்பட்டவர்கள். மாநிலத்தில் இருந்த 41 உறுப்புக் கல்லூரிகளையும் அரசு இரண்டு கட்டங்களாக அரசு கலை அறிவியல் கல்லூரிகளாக மாற்றியது. குரும்பலூர், வேப்பந்தட்டைக் கல்லூரிகளின் பெயர்ப் பலகைகள் மாறின. அங்கே பல ஆண்டுகளாக வேலை பார்த்தவர்கள் நிரந்தரப் பணியாளர்கள் ஆகிவிடவில்லை. அவர்களுக்குச் சம்பளம் தர வேண்டியது பல்கலைக்கழகமா, அரசா என்ற கேள்வி நீண்டது.

அரசு கல்லூரிகளில் இத்தகைய தற்காலிக ஆசிரியருக்குக் கௌரவ விரிவுரையாளர் என்று பெயர். அந்தப் பெயரில் கௌரவம் இருக்கிறது. பணி விதிகளில் அது மிகக் குறைவு. ஊதியம் ஆண்டுக்கு 11 மாதங்களுக்கு மட்டுமே. ஏப்ரலில் கடைசி வகுப்பை எடுத்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, அகமதிப்பீட்டு மதிப்பெண்களை ஒப்படைத்துவிட்டுப் போகிறவருக்கு மே மாதச் சம்பளம் இல்லை. அவரது பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் வீட்டு வாடகையும் அந்த மாதம் நிற்பதில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய்க்கு மிகாமல் என்று ஊதியத்தை வரையறுத்தது. தமிழ்நாட்டு அரசு கல்லூரிகளில் 7,000-க்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் பெற்றுவந்தது அதில் பாதியை ஒட்டிய தொகை. மானியக் குழு சொன்ன ஊதியத்தைத் தரும்படி 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு மார்ச்சில் ஆசிரியர் தேர்வு வாரியம் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிக்கை வெளியிட்டது. பத்து, பதினைந்து ஆண்டு கற்பித்தவர்கள் புதிதாகப் படித்து வந்தவர்களோடு போட்டியிட வேண்டியிருந்தது.

நிரந்தர ஆசிரியரின் இடத்தில் கௌரவ விரிவுரையாளர் என்ற இந்த மாற்றம் நிர்வாகத்தையும் தொட்டது. செனட், பாடத்திட்டக் குழு, கல்லூரிக்குள் துறைத்தலைவர்கள் கூடும் குழு ஆகிய எல்லாமே நிரந்தர ஆசிரியரை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. நிரந்தர இடங்கள் நிரப்பப்படாத துறையில் ஒருவர் அல்லது இருவர் இந்தப் பொறுப்புகள் அனைத்தையும் சுமக்க, வகுப்புகளில் பெரும்பகுதியை எடுப்பவருக்கு எந்தக் குழுவிலும் இருக்கை இல்லை. மறுபக்கம், துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரம் ஆளுநருக்கா, மாநில அரசுக்கா என்ற சர்ச்சை உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அந்த நீதிமன்றத்தின் 2025 ஏப்ரல் 8 தீர்ப்பால் நடைமுறைக்கு வந்த பல்கலைக்கழகத் திருத்தச் சட்டங்களின் நியமனப் பிரிவுகளுக்கு மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

மேலிடத்து அதிகாரம் யாருக்கு என்பது முக்கியமான கேள்விதான். ஆனால் குரும்பலூரிலும் அரியலூரிலும் ஒரு கல்லூரி நன்றாக நடக்க அதைவிட அடிப்படையான தேவைகள் இரண்டு: பாடம் நடத்துபவருக்குப் பன்னிரண்டு மாதச் சம்பளம், அந்தப் பாடத்தைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் ஓர் இருக்கை. நிரந்தர ஆசிரியருக்கு உள்ள இவ்விரண்டும், இன்று அதே வகுப்பறையில் நிற்கும் கௌரவ விரிவுரையாளருக்கு இன்னும் வந்து சேரவில்லை.